வயிற்று வலி என்று எழுதிய காகிதம்

தமிழ்ச் செய்தித்தாள் படிக்கிற எவருக்கும் தெரிந்த நோய் ஒன்று உண்டு: தீராத வயிற்று வலி. மாவட்டச் செய்திப் பக்கங்களில் அது ஆண்டு முழுக்க ஆளைக் கொல்லும். கிணற்றில் விழுந்தவள், தூக்கில் தொங்கியவன், அரளி விதையை அரைத்துக் குடித்தவள், எல்லோருக்கும் அதே வலி. வீட்டார் சொல்லி, ரைட்டர் எழுதி, நிருபர் நகலெடுத்து மூன்று கை மாறி வரும் வாசகம் அது. பொய் என்று சொல்ல வரவில்லை. பல நேரம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் செய்தித்தாளுக்கு வருவதற்கு முன்பே அந்த வாசகம் பிரேதப் பரிசோதனை செய்யும் மருத்துவரிடமும், சில நேரம் ஆய்வகத்து மேசைக்கும் போய்விடுகிறது. அங்கே அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் என் கேள்வி.

ஒரு பேச்சுக்கு, சேத்தூருக்கு மேற்கே மாந்தோப்புக் கிணறு ஒன்றில் காலையில் ஓர் உடல் மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வி.ஏ.ஓ.வோ உறவினரோ ஸ்டேஷனில் புகார் கொடுப்பார்கள். போலீஸார் காலங்காலமாக ‘174 கேஸ்’ என்று சொல்லிவந்தது, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194ஆம் பிரிவு. எண் மாறினாலும் நடப்பது பழையதுதான். கிணற்று மேட்டில் பஞ்சாயத்தாரை வைத்து விசாரணை நடக்கும். உடம்பில் என்னென்ன காயம், சாவுக்குக் காரணமாகத் தோன்றுவது எது என்று அறிக்கை எழுதச் சட்டமே சொல்கிறது. அந்தக் காகிதத்தோடும் ஒரு கான்ஸ்டபிளோடும் உடல் ராஜபாளையம் அரசு மருத்துவமனைக்குப் போகும்.

இப்போது கிணற்றுச் சாவின் சிக்கலைப் பாருங்கள். நீரில் மூழ்கி இறந்தார் என்று அடித்துச் சொல்ல ஒற்றை அடையாளம் எதுவும் உடலில் கிடையாது. மூக்கில் நுரை, வயிற்றில் தண்ணீர், எலும்பு மஜ்ஜையில் டயாட்டம் எனப்படும் நுண்பாசிகள், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, மற்ற காரணங்களைத் தள்ளிவிட்டுத்தான் முடிவுக்கு வர முடியும். தலையில் ஒரு காயம் இருக்கிறது. கல் கட்டிய கிணற்றில் விழுகிறபோது சுவரில் மோதினாலும் அந்த இடத்தில்தான் படும்; பின்னாலிருந்து அடித்துத் தள்ளினாலும் அந்த இடத்தில்தான். தோலைப் பிளந்து பார்ப்பவருக்கு இரண்டில் ஒன்றைச் சொல்லும் அளவுக்குக் காயம் சில நேரம் பேசும், சில நேரம் பேசாது. பேசாத நேரத்தில் காகிதம் பேசிவிடும்.

பக்கத்து மாவட்டம் ஒன்றில், ஒரு பிணவறைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உறவினர் ஒருவருக்காக ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். வேறொரு வீட்டு உடல் வந்தது. மருத்துவர் ஸ்கூட்டரை நிறுத்தி இறங்கியதும் கான்ஸ்டபிள் தாளை நீட்டினார். மருத்துவர் வாங்காமலே, “என்ன கேஸு?” என்றார். “வயித்து வலி சார். புருஷன் திருப்பூர்ல. மாமியாளோட சண்டை போல.” அவ்வளவுதான். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டுவதற்குள் கதை சொல்லி முடிந்துவிட்டது. அந்த மருத்துவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. அன்றைக்கு அது அவருக்கு நாலாவது உடல். அவர் சரியாகவே செய்திருக்கலாம். ஆனால் அந்த ஏழெட்டுச் சொல் காதில் விழாமல் உள்ளே போயிருந்தால் அதே கண் அதையேதான் பார்த்திருக்குமா என்பதை, அவர் உட்பட, யாராலும் இனிச் சொல்ல முடியாது.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையில் பலரும் அரசனின் தவறையே பேசுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது காவலர்கள். கோவலனை நேரில் பார்த்ததும் அவர்கள், இவன் கள்வனாகத் தெரியவில்லை, கொல்லத்தக்கவன் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். வெறுங்கண்ணுக்குக் கிடைத்த முடிவு அது. அதன் பிறகுதான் பொற்கொல்லன் பாடம் நடத்துகிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்று கள்வர்களுக்கு எட்டுத் துணை. பாடம் முடிந்தபோது அதே ஆள் அவர்கள் கண்ணுக்கு வேறு ஆளாகிவிட்டான். சிலம்பை உடைத்துப் பார்க்கும் சோதனை, ஆள் செத்த பிறகு நடந்தது.

கேட்ட கதை நிபுணரின் கண்ணை மாற்றும் என்பதை ஆய்வு நடத்திக் காட்டியவர்களில் முன்னோடி லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பணியாற்றிய இட்டியல் டிரோர். 2006இல் வெளியான அவரது ஆய்வு எளிமையானது, கொஞ்சம் குரூரமானதும்கூட. ஐந்து விரல்ரேகை நிபுணர்களிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி ரேகை கொடுத்தார்கள். அமெரிக்க எஃப்.பி.ஐ. தவறாகப் பொருத்திச் சந்தி சிரித்த ஜோடி இது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். உண்மையில் அது, சில ஆண்டுகளுக்கு முன் அந்தந்த நிபுணரே ஒரு வழக்கில் ‘பொருந்துகிறது’ என்று கையெழுத்திட்ட ஜோடி. மூவர் பொருந்தவில்லை என்றார்கள். ஒருவர் முடிவு சொல்லப் போதாது என்றார். ஒரே ஒருவர் பழைய சொல்லில் நின்றார்.

ஐந்து பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியுமா? முடியாது. அதே ஆண்டில் அவர் ஆறு நிபுணர்களிடம் மொத்தம் 48 முடிவுகளைத் திரும்பக் கேட்ட இன்னோர் ஆய்வில் ஆறு முடிவுகள்தான் மாறின. அந்த ஆறிலும் இரண்டு, எந்தக் கதையும் சொல்லப்படாத ஜோடிகளில் மாறியவை. அதாவது கதை இல்லாவிட்டாலும் நிபுணரின் கண் தன்னோடு தானே முரண்படும்; கதை இருந்தால் கூடுதலாக முரண்படும். டிரோரை மேற்கோள் காட்டுகிறவர்கள் முதல் ஆய்வை முழங்குவார்கள், இரண்டாவதை மெல்லச் சொல்லிக் கடப்பார்கள். இரண்டையும் சேர்த்து வைத்தால் கிடைப்பது அடக்கமான ஒரு முடிவு: முன்கதையால் வரும் சாய்வு உண்மை, அது பெரும்பாலும் தெளிவில்லாத தடயத்தில் வேலை செய்யும், அது எத்தனை வழக்குகளைக் கெடுத்தது என்பதற்கு இந்த ஆய்வுகளில் கணக்கு இல்லை.

தெளிவில்லாத தடயம் என்றால் என்ன என்பதை 2011இல் வந்த இன்னோர் ஆய்வு இன்னும் கூர்மையாகக் காட்டியது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு கூட்டுப் பாலியல் வன்முறை வழக்கு. பலரின் டி.என்.ஏ. கலந்த மாதிரி. வழக்கின் கதை தெரிந்த ஆய்வாளர்கள், சந்தேக நபரை விலக்க முடியாது என்று அறிக்கை கொடுத்திருந்தார்கள். டிரோரும் கிரெக் ஹாம்பிகியனும் அதே தரவைக் கதை எதுவும் சொல்லாமல் 17 ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். விலக்க முடியாது என்றவர் ஒருவர். முடிவு சொல்ல இயலாது என்றவர்கள் நால்வர். பன்னிரண்டு பேர், அவர் அல்ல என்று விலக்கினார்கள். டி.என்.ஏ. என்றாலே இயந்திரம் துப்பும் எண் என்று நினைப்பவர்கள் இந்த 1, 4, 12ஐ ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

விரல்ரேகையில் நம் நீதிமன்றங்களுக்கு இருந்த நம்பிக்கை இதைவிடப் பெரிது. 1980இல் முராரி லால் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி நிபுணர் சாட்சியத்தைப் பற்றி மிக நிதானமாக எழுதினார். நிபுணரைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க வேண்டியதில்லை. மனிதத் தீர்ப்பு தவறக்கூடியது என்பதால்தான் கவனம் வேண்டும் என்பது அவர் நிலை. கையெழுத்து விஷயத்தில் கூடுதல் கவனம் கேட்டவர், விரல்ரேகை அறிவியலோ கிட்டத்தட்ட முழுமை அடைந்துவிட்டது, அதில் தவறான கருத்து வருவதற்கான ஆபத்து நடைமுறையில் இல்லை என்ற பொருளில் எழுதிவிட்டார். 24 ஆண்டுகள் கழித்து எஃப்.பி.ஐ. அந்த ‘இல்லை’யை நடத்திக் காட்டியது.

2004 மார்ச் 11, மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு. வெடிப்பான்கள் இருந்த பையில் ஒரு ரேகை. எஃப்.பி.ஐ. கணினி 20 பேரைப் பட்டியலிட்டது. நாலாவதாக இருந்தவர் ஓரிகான் வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட். இஸ்லாமுக்கு மாறியவர், பயங்கரவாத வழக்கில் சிக்கிய ஒருவருக்காகக் குழந்தை யாரிடம் இருப்பது என்ற வழக்கில் ஆஜரானவர். ஏப்ரலில் ஸ்பெயின் போலீஸ் பொருந்தவில்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. மே மாதம் கைது செய்தார்கள். நீதிமன்றம் அமர்த்திய தனி நிபுணரும் மேஃபீல்டின் ரேகைதான் என்றார். அதே நாளில் ஸ்பெயின், ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று அறிவித்தது. அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் கொடுத்தது.

இந்தக் கதையை ‘மதத்தைப் பார்த்து ரேகையைப் பொருத்தினார்கள்’ என்று சொல்வது வழக்கம். நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன். அமெரிக்க நீதித்துறைத் தலைமை ஆய்வாளரின் 2006 அறிக்கை வேறு சொல்கிறது. முதல் முடிவை எடுத்தபோது அவர் மதம் நிபுணர்களுக்குத் தெரியாது. பெரிய தரவுத்தளத்தில் தேடினால் அபூர்வமாகக் கிடைக்கும் அசல் போன்ற ஒற்றுமையும், தெரிந்த ரேகையைப் பார்த்துவிட்டுத் தெளிவற்ற ரேகையில் அதே புள்ளிகளைத் ‘தேடிக் கண்டெடுத்த’ வட்ட வாதமும்தான் அடிப்படைத் தவறு. அவருடைய பின்னணி பிறகு வந்தது; ஸ்பெயின் மறுத்தபோது மறுபரிசீலனை செய்யாமல் இருப்பதற்கு அது உதவியிருக்கலாம் என்பதே அறிக்கையின் கருத்து. ஆக, மேஃபீல்ட் வழக்கைச் சாய்வுக்கு உதாரணமாகச் சொல்கிற பலரும், தங்களுக்குத் தெரிந்த கதையை வைத்துத் தடயத்தைப் படித்தவர்கள்தான்.

எதிர்வாதத்துக்கு வருவோம். அது வலுவானது. ‘கதை சொல்லாதே’ என்று ஒரே அடியாகக் கதவை மூடினால் ஆய்வே நடக்காது. விஸ்ரா பாட்டிலில் வரும் குடல், ஈரல் பாகங்களில் என்ன விஷம் என்று பார்க்கும் வேதியியலாளரை எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை மாகாணத்துக்கு இந்த வேலை புதிதல்ல. 1849லேயே இங்கே வேதியியல் பரிசோதகர் இருந்தார். உலகத்து விஷங்கள் அத்தனைக்கும் ஒரே சோதனை என்று ஒன்று கிடையாது. பூச்சி மருந்தைத் தேடும் வழி வேறு, அரளியைத் தேடும் வழி வேறு, பாம்பு விஷத்துக்கு வேறு. பக்கத்தில் அரைத்த அம்மி கிடந்தது என்று யாராவது சொன்னால்தான் அரளியைத் தேடவே தோன்றும். சொல்லாமல் விட்டால், ‘விஷம் காணப்படவில்லை’ என்று அறிக்கை வரும். அது நடுநிலை இல்லை, வெறும் தவறு. அதேபோல டயாட்டம் சோதனைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரே வேண்டும். எந்தக் கிணறு என்று தெரியாமல் எப்படி?

2021இல் டிரோர் குழு 133 தடயவியல் மருத்துவர்களிடம் நடத்திய ஆய்வு இந்த இடத்தில்தான் அடி வாங்கியது. ஒரே மருத்துவ விவரங்கள் கொண்ட குழந்தை மரணம். ஒரு பாதியினரிடம் குழந்தை கறுப்பினம், பார்த்துக்கொண்டவர் தாயின் காதலர் என்றார்கள். மறுபாதியினரிடம் வெள்ளையினம், பாட்டி என்றார்கள். முதல் பக்கத்தில் கொலை என்ற முடிவு கூடுதலாக வந்தது. மருத்துவர்கள் கொதித்தார்கள். இனத்தையும் ஆளையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படிப் பிரிப்பீர்கள்? யார் பார்த்துக்கொண்டார் என்பது எங்கள் தொழிலுக்கு வேண்டிய தகவல் இல்லையா? முதல் கேள்வி நியாயமானது. ஆய்வின் அமைப்பில் ஓட்டை இருக்கிறது. இரண்டாவது கேள்வியில் பாதிதான் நியாயம். யாரிடம் இருந்தது என்பது விசாரணை அதிகாரிக்கு முழுத் தகவல். மருத்துவர் அதை வைத்து ‘கொலை’ என்று எழுதினால், அதிகாரி அந்தத் தாளைக் காட்டி, மருத்துவமே சொல்லிவிட்டது என்பார். ஒரே தகவல் இரண்டு சாட்சியாக எண்ணப்பட்டுவிடும். ஊர்ப் பஞ்சாயத்தில் ஒருத்தன் சொன்னதையே மூன்று பேர் திரும்பச் சொல்லி, ‘நாலு பேர் சாட்சி’ ஆவது போலத்தான்.

நம் நாட்டில் இதற்குப் பாடப்புத்தக உதாரணம் நொய்டா ஆருஷி வழக்கு. 2008 மே மாதம் சிறுமி ஆருஷி, அவள் வீட்டு வேலையாள் என்று இரண்டு கொலைகள். உடற்கூறாய்வு அறிக்கையில் சிறுமியின் பிறப்புறுப்பில் அசாதாரணமாகப் பெரிதாக எதுவும் பதிவாகவில்லை. புலனாய்வின் கதை மாறிய பிறகு, அதே மருத்துவர் பின்னாளில் கொடுத்த வாக்குமூலங்களில் அறிக்கையில் இல்லாத புதிய கண்டுபிடிப்புகள் வந்து சேர்ந்தன. சி.பி.ஐ.யின் முதல் குழு கையில் குக்ரி கத்தி இருந்தபோது காயம் குக்ரிக்குப் பொருந்தியது. அடுத்த குழு கோல்ஃப் மட்டையை எடுத்தபோது காயம் மட்டைக்குப் பொருந்தியது. இவற்றைவிடத் துல்லியமான இடம் ஒன்று உண்டு. 2009இல் குஜராத் தடய அறிவியல் நிபுணர் ஒருவர், கொலை எப்படி நடந்தது என்று மறுகட்டமைத்துக் கொடுத்தார். வீட்டு வேலையாளின் ரத்தம் சிறுமியின் தலையணையில் இருந்தது என்ற தகவல் அவருக்குத் தரப்பட்டிருந்தது. அப்படி ஒரு ரத்தம் அங்கே கிடைக்கவே இல்லை. தவறான முன்தகவலின் மேல் கட்டிய அறிவியல், சிறுமியின் பெற்றோருக்கு 2013இல் கிடைத்த ஆயுள் தண்டனைக்குப் போன வழியில் ஒரு படியாக நின்றது. 2017 அக்டோபர் 12இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் பெற்றோரை விடுவித்தது. யாரும் லஞ்சம் வாங்கியதாக நான் நினைக்கத் தேவையில்லை என்பதுதான் இதில் என்னை அதிகம் உறுத்துவது.

நமக்கு இன்னும் அருகே வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் ஒரு ஓரம் எங்கள் ராஜபாளையம் மலை. மறு ஓரம் சுருளி அருவி. 2011 மே மாதம் அங்கே ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்டது. ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 ஜூலை 15 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகள் எங்கே, யார் கையில், எவ்வளவு காலம் இருந்தன என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. நாடு முழுவதற்கும் நீதிமன்றம் விதிமுறைகள் வகுத்தது: 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறுவதற்கெல்லாம் பதிவேடு வேண்டும், விசாரணை நீதிமன்றத்தின் அனுமதி இல்லாமல் முத்திரையை உடைக்கக் கூடாது. நல்ல தீர்ப்பு, வெகு காலம் முன்பே வந்திருக்க வேண்டியது.

ஆனால் முதல் விதியை நிதானமாகப் படியுங்கள். மாதிரியைப் பொதியும்போது எஃப்.ஐ.ஆர். எண், தேதி, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு, விசாரணை அதிகாரி, காவல் நிலையம், வரிசை எண் எல்லாம் பதிவாக வேண்டும். கணக்குக்கு எண் போதும். பிரிவு எதற்கு? கொலைப் பிரிவும் போக்சோ பிரிவும் போட்ட உறையைத் திறக்கிறவர், உள்ளே இருக்கும் பஞ்சைப் பார்ப்பதற்கு முன்பே பாதிக் கதையைப் படித்துவிடுகிறார். பஞ்சில் வேறு கை படாமல் நீதிமன்றம் பார்த்துக்கொண்டது. பஞ்சைப் பார்க்கும் தலைக்குள் எது படலாம் என்பதை அது கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய வழக்கு அது இல்லை என்று சொல்லலாம். அங்கே பிரச்சினை பாதுகாப்புச் சங்கிலிதான். ஆனாலும் நாடு முழுவதற்கும் படிவம் எழுதும் வாய்ப்பு அடிக்கடி வராது.

புதிய நடைமுறைச் சட்டம் இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே போக வேண்டும் என்கிறது 176ஆம் பிரிவு. தடயம் கெடாமல் இருக்க நல்லதுதான். ஆனால் அழுகிற வீட்டாரையும் கோபமான இன்ஸ்பெக்டரையும் பார்த்துவிட்டு வந்தவரே ஒப்பிட்டுப் பார்க்கிற மேசையிலும் உட்கார்ந்தால், கிடைத்த நன்மையில் பாதி போய்விடும். இன்னொரு பக்கம், 329ஆம் பிரிவின்படி அரசின் வேதியியல் பரிசோதகர், விரல்ரேகைப் பிரிவு இயக்குநர் போன்றோரின் அறிக்கையை, அவர்களைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். நீதிமன்றம் விரும்பினால் அழைக்கலாம். அழைக்காவிட்டால், என்னென்ன தெரிந்துகொண்டு பார்த்தீர்கள் என்று அவர்களைக் கேட்க வழியில்லை.

இவ்வளவையும் தராசில் வைத்தால் என் முடிவு இதுதான். பின்னணித் தகவல் நிபுணர் முடிவை மாற்றும் என்பது நிரூபணமானது. நம் வழக்குகளில் அது எவ்வளவு கெடுத்தது என்பது நிரூபணமாகாதது. அதைக் காரணம் காட்டித் தண்டனைகளை எல்லாம் சந்தேகிப்பது அதிகப்பிரசங்கம். ஆனால் அளவு தெரியாத ஆபத்துக்குச் அதிகச் செலவில்லாத தடுப்பு இருக்கும்போது அதைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைகளுக்கு, அதாவது ரேகை, கையெழுத்து, குரல், தோட்டா, கலப்பு டி.என்.ஏ. ஆகியவற்றுக்கு, கதை தேவையே இல்லை. தமிழ்நாட்டில் சான்றுப் பொருட்கள் பொதுவாக நீதித்துறை நடுவர் வழியாகத்தான் ஆய்வகம் போகின்றன. கதையை அந்த மேசையிலேயே நிறுத்திவிட்டு, எண்ணும் கேள்வியும் மட்டும் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகலாம். ஹூஸ்டன் ஆய்வகம் இதற்கெனத் தனிப் பிரிவே வைத்திருக்கிறது. நமக்கு ஒரு கிளார்க்கும் இரண்டாவது உறையும் போதும். விஷம் பார்ப்பவருக்குத் தேடும் திசை மட்டும் சொல்லலாம். அம்மியைச் சொல்லலாம், மாமியாரைச் சொல்ல வேண்டாம்.

கடினமானது மருத்துவர் விஷயம். அவருக்குக் கதை வேண்டும், எப்போது என்பதுதான் கேள்வி. தலைக் காயத்தின் நீளம், ஆழம், விளிம்பு, ரத்தக் கட்டு, நுரை இருந்ததா இல்லையா, எல்லாவற்றையும் முதல் பக்கத்தில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்திட்ட பிறகு பஞ்சாயத்தார் அறிக்கையைப் பிரிக்கட்டும். அதன்பின் கருத்து மாறினால் மாறட்டும். எதைப் படித்ததால் மாறியது என்று இரண்டாம் பக்கத்தில் எழுதட்டும். நாலு உடல் காத்திருக்கிற நாளில் இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்காது. எழுதுகிற வரிசைதான் மாறுகிறது.

அந்த வரிசை வரும்வரை, ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்ற வளாகத்தில் குறுக்கு விசாரணைக்கு எழும் வழக்கறிஞர்கள் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளலாம். காயம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்பதற்கு முன்னால்: “டாக்டர், உள்ளே போறதுக்கு முன்னாடி உங்ககிட்ட யார், என்ன சொன்னாங்க?”